பிந்தி ஒலித்த தாளப்பொறி

அலுமாரியின் அடித்தட்டிலே பழைய சேலைத் துண்டொன்றாற் சுற்றி மூன்று ஆண்டுகளாகக் கிடந்த கருவியொன்றைச் சென்ற மாதம் வெளியே எடுத்தேன். அதனை அங்கே ஒதுக்கியவன் நானே. ஒதுக்கியதற்குத் தக்க காரணமும் இருந்தது. அக்காரணம் இன்றும் நீங்கிவிடவில்லை. ஆயினும் அக்கருவி இன்று என் மேசையின் நடுவிலே இருக்கின்றது. குறையுடையதென்று தள்ளிய ஒன்றை, அக்குறை அப்படியே இருக்கவும், ஒருவன் மீண்டும் ஏன் நாடுகின்றான்? அதனைக் கூறவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

நான் தொழிலால் ஆசிரியன். கணினியின் துணையின்றி, இரண்டு சிந்தசைசர்கள், சுரவரிசைகளை நினைவில் வைத்து இயக்கும் சீக்குவென்சர் ஒன்று, தாளப்பொறி ஒன்று ஆகியவற்றைக் கம்பிகளால் இணைத்து இசையமைப்பது என் மாலைநேரப் பொழுதுபோக்கு. டிரம் மெஷின் என வழங்கும் தாளப்பொறியின் தொழில் எளிது. ஒரு சுற்று பதினாறு படிகளாக வகுக்கப்பட்டிருக்கும். எப்படியில் எவ்வொலி எழவேண்டுமென்று பொத்தான்களை அழுத்திக் குறித்துவிட்டால், நிறுத்தும் வரை அதனையே அது அடித்துக்கொண்டிருக்கும். கருவிகள் பல கூடுமிடத்து ஒன்று தலைமை தாங்க வேண்டும். தலைமைக் கருவி ஒவ்வொரு தாள அடிக்கும் 24 துடிப்புக்களைக் கம்பி வழியே அனுப்பும். ஏனையவை அவற்றை எண்ணி உடன் செல்லும். வெவ்வேறு நிறுவனத்தார் செய்த கருவிகள் இவ்வாறு தம்முள் உரையாட வழிசெய்த ‘மிடி’ என்னும் பொதுமுறை 1983இல் நடைமுறைக்கு வந்தது.

என் தாளப்பொறி இவ்வாறு உடன் செல்ல அறியாதது. சீக்குவென்சர் தலைமை தாங்க, சிந்தசைசர்கள் உடனே ஒலிக்கும். தாளமோ சற்றுப் பிந்தி வரும். பெரிய முரசும் சிறிய முரசும் ஒரே படியில் விழுந்தால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். சில பொத்தான்கள் ஒருமுறை அழுத்த இருமுறை ஒலித்தன. இவை போதாவென்று, உள்ளிருந்த சிறு பற்றரி ஒருநாள் ஓய்ந்துபோக, நான் ஈராண்டாகச் சேர்த்துவைத்த தாளக்கட்டுகள் யாவும் ஓரிரவில் அழிந்தன. அன்றே அதனைத் துணியிற் சுற்றினேன்.

புதியதொன்றை வாங்கினேன். அதிற் குற்றங் காண இடமில்லை. நூற்றுக்கணக்கான தாளக்கட்டுகளை நினைவில் வைத்திருக்கும், எத்தனை ஒலிகளையும் ஒருங்கே எழுப்பும், இம்மியும் பிந்தாது. ஆனால், அதனை வாங்கிய பின் மூன்று ஆண்டுகளில் நான் முழுமையாக அமைத்து முடித்த இசை ஒன்றேனும் இல்லை. தொடங்கியவை பல, முடிந்தவை இல்லை. பள்ளிக்கூட வேலை மிகுதியென்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன்.

என் மாமா இளமையில் மிருதங்கம் வாசித்தவர். இப்பொழுது வலக்கை நடுக்கத்தால் வாசிப்பதில்லை. ஒருநாள் மாலை என் அறைக்கு வந்து, புதிய பொறியை நெடுநேரம் கேட்டிருந்தார்.

“எல்லாம் சரியாய்த்தான் இருக்குது, தம்பி. ஆனால் இது மூச்சு விடுற இடம் எங்கை? கார்வை இல்லாமல் வாசிக்கேலுமே?” என்றார்.

“இது மெஷின்தானே மாமா, மூச்சுக்கு எங்கை போறது?” என்றேன்.

“முந்தி ஒண்டு வைச்சிருந்தியே, அது விட்டுது.”

அச்சொல் என்னை உறுத்தியது. அவர் சென்றபின் ஆராய்ந்து பார்த்தேன். பழைய பொறியில் இரு முரசுகளை ஒரே படியில் வைக்க இயலாமையால், நான் ஒன்றை அடுத்த படிக்குத் தள்ளினேன்; அதற்கு இடங்கொடுக்க வேறொன்றை நீக்கினேன். இவ்வாறு என் தாளங்களில் வெற்றிடங்கள் தாமாகவே அமைந்தன. புதிய பொறி எதனையும் மறுக்கவில்லை. ஆதலால் பதினாறு படிகளையும் நிரப்பினேன். நிரப்பியவன் நான், பொறியின்மேற் பழியில்லை.

இக்கருவிகளின் வரலாற்றைப் புரட்டியபோது இதனினும் வியப்பான செய்தியொன்றைக் கண்டேன். தாளப்பொறிகளுள் மிகப் புகழ்பெற்றதாகிய டி.ஆர்.-808ஐ யப்பானின் றோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்டது. அந்நிறுவனத்தை 1972இல் தொடங்கிய இக்குதாரோ ககேஹாஷி, இளவயதிற் கடிகாரம் திருத்தித் தொழில் பழகியவர், 2017இல் மறைந்தார். அதே 1980இல் அமெரிக்கரான றொஜர் லின் வெளியிட்ட பொறி, உண்மை முரசுகளின் ஒலிப்பதிவைக் கொண்டது. விலை ஏறக்குறைய 5,000 டொலர். 808இன் விலை ஏறக்குறைய 1,200 டொலர். அதன் ஒலிகள் மின்சுற்றுக்களாற் புனையப்பட்டவை. அதன் பெரிய முரசு நீண்டு முழங்கும் ஓர் ஓங்காரம். கைத்தட்டலோ எக்கையிலும் எழாதது. உண்மை முரசை எதிர்பார்த்தவர்கள் ஏமாற்றமடைந்ததில் வியப்பில்லை.

அப்பொறியின் இரைச்சல் கலந்த ஒலிக்கு வேண்டுமென்றே குறையுள்ள திரான்சிஸ்டர்களை வாங்கிப் பயன்படுத்தியதாகக் ககேஹாஷி பின்னாளிற் கூறியுள்ளார். குறைகடத்தித் தொழில் முன்னேறி, குறையுள்ளவை கிடையாமற் போகவே, ஏறக்குறைய 12,000 பொறிகளுடன் 1983இல் உற்பத்தி நின்றது. திருத்தம் பெருகியதால் ஒரு கருவி இறந்தது! ஆனால் அதன் ஒலி இறக்கவில்லை. 1982இலேயே அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயும், நியூயோர்க்கின் அஃபிரிக்கா பம்பாட்டாவும் அதனைக் கையாண்டனர். அதே ஆண்டில், பம்பாய்த் திரையிசையில் வாத்தியக் கலைஞராயிருந்த சரண்ஜித் சிங் அதனைத் தாளத்துக்கு வைத்துப் பத்து இராகங்களை ஓர் இசைத்தட்டிலே பதிவு செய்தார். அன்று கவனிப்பாரற்றுப்போன அத்தட்டு 2010இல் மறுபதிப்புப் பெற்றது.

இதனைக் கொண்டு, குறையெல்லாம் அழகென்று கூறுவோர் உளர். நான் அக்கட்சியினனல்லன். பற்றரி ஓய்ந்தது அழகன்று, அது இழப்பே. இருமுறை ஒலித்த பொத்தான்களைக் கழற்றி, தொடுகைகளை மருந்துக்கடை மதுசாரத்தாற் துடைத்தேன், குணமாயின. பற்றரியையும் மாற்றினேன். எஞ்சியவை இரண்டு: ஒன்றையொன்று விழுங்கும் முரசு, பிந்திவரும் தாளம்.

பிந்துதலை இம்முறை கோபமின்றி அளந்து பார்த்தேன். சிந்தசைசரின் ஒலியையும் முரசின் ஒலியையும் அருகருகே பதிவு செய்து, இடைவெளியை நாற்பது இடங்களிற் கணித்தேன். எங்கும் ஏறக்குறைய 20 மில்லிசெக்கன். நிமிடத்துக்கு 100 அடி என்னும் வேகத்தில் ஒரு படி 150 மில்லிசெக்கன் நீடிக்கும். ஆகவே ஒரு படியின் ஏழிலொரு பங்கு பிந்துகின்றது. முழவு வாசிப்பவர் ஏழு மீற்றர் தள்ளி, முன் விறாந்தையில் இருந்து வாசித்தால் எவ்வளவு பிந்திக் கேட்குமோ அவ்வளவே. தடுமாற்றம் என்று மூன்று ஆண்டுகளாக நான் நம்பியிருந்தது தடுமாற்றமே அன்று. மாறாத ஒரு நடை. அளந்து பாராமலே தீர்ப்பு வழங்கிவிட்டேன்.

இங்கேதான் குறைக்கும் குறைக்கும் உள்ள வேறுபாடு விளங்குகின்றது. இன்று பத்தும் நாளை முப்பதுமாகப் பிந்துவதை எவராலும் பழக இயலாது. என்றும் இருபதே பிந்துவதைப் பழகலாம். பழகியதற்கு ஏற்பாடும் செய்யலாம். என் ஏற்பாடு மிக எளியது. பொறிக்குத் தாமதம் நேர்வது பிறர் துடிப்பைக் கேட்டு நடப்பதிலேயே. தன் துடிப்புக்கு அது பிந்துவதில்லை. ஆகவே அதனையே தலைமைக் கருவியாக்கினேன். இப்பொழுது தாளப்பொறி துடிப்பை அனுப்ப, சீக்குவென்சரும் சிந்தசைசர்களும் அதன் பின்னே செல்கின்றன. வகுப்பிலே பின்வரிசையிற் பிந்தி எழுதும் மாணவர் எத்தனை பேருக்கு இவ்வாறு இடம் மாற்றிக் கொடுத்தேன் என்று எண்ணியபோது, சற்று வெட்கமாகவே இருந்தது.

ஒன்றையொன்று விழுங்கும் முரசை மாற்ற வழியில்லை. மாற்றவும் நான் விரும்பவில்லை. மாமா தம் மிருதங்கத்தின் தொப்பியில் ஒவ்வொரு முறையும் ரவைப் பசை அப்புவார். முடிந்ததும் சுரண்டி எடுப்பார். மழைநாளிற் சுருதி இறங்கினால் பொறுமையோடு தட்டிச் சேர்ப்பார். அதனை அவர் ஒருநாளும் குறையென்று சொன்னதில்லை.

மூன்று ஆண்டுகளின் பின் ஓர் இசையை முடித்திருக்கின்றேன். நான்கு நிமிடம் நீள்வது; கார்வைகள் நிரம்பியது. சென்ற ஞாயிறு மாமாவுக்கு அதனைக் கேட்கக் கொடுத்தேன். இரண்டிடங்களில் தாளக்கட்டு மெலிவென்றார். அவர் சொன்னது சரி. அவ்விரண்டையும் இவ்வாரம் திருத்துகின்றேன்.