பூட்டிய கதவும் உடைந்த சாளரமும்

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள், புதன்கிழமை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மங்கள வார்த்தை அன்னையின் பெயர் தாங்கிய பங்கு ஆலயம். புதிய கல்வியாண்டின் முதல் வாரத் திருப்பலிக்காக அருகிலுள்ள பங்குப் பள்ளியின் சிறுவர் சிறுமியர் கூடியிருந்தனர். வழக்கம்போல் திருப்பலி தொடங்கியதும் கதவுகள் பூட்டப்பட்டன. அப்பள்ளியில் முன்னாளில் பயின்ற ஒருவர் வெளியே நின்றபடியே வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் வழியாகச் சுடத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் பாய்ந்தன. 8 வயதும் 10 வயதுமான இரு குழந்தைகள் மாண்டனர். முதிய பங்கு மக்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இருக்கைகளுக்கு அடியில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிறியோரைத் தம் உடலால் மூடிக் காத்தனர். தோழனுக்காக உயிரையே கையளிக்கும் அன்பைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருந்ததை, அவர்கள் அன்று காலையிலேயே செய்து காட்ட வேண்டியதாயிற்று.

பூட்டிய கதவு அன்று பல உயிர்களைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கதவைப் பூட்டினால் சாளரம் இருக்கிறது; சாளரத்தை அடைத்தால் விளையாட்டுத் திடல் இருக்கிறது. ஆகவே குழந்தைகளைக் காப்பது பற்றிய சிந்தனை கதவோடு நின்றுவிட முடியாது.

அன்று மாலையே ஒரு சர்ச்சை எழுந்தது. இறந்தோர்க்காகச் செபிக்கிறோம் என்று வழக்கம்போல் பலர் அறிக்கை விடுத்தனர். அக்குழந்தைகள் செபித்துக் கொண்டிருக்கும்போதுதானே சுடப்பட்டார்கள் என்று நகரத் தலைவர் மனம் வெதும்பிக் கேட்டார். அது செபத்தை இழிவுபடுத்தும் பேச்சு என்று சிலர் சினந்தனர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. உடுக்க உடையும் உண்ண உணவும் இல்லாதவரை வாழ்த்தி மட்டும் அனுப்பிவிடுகிறவரைப் பற்றித் தூய யாக்கோபு தம் திருமுகத்தில் கேட்கும் கேள்வியும் ஏறத்தாழ இதுவேயன்றோ? செபம் வேண்டும், அது செபிப்பவரின் கைகளையும் அசைக்க வேண்டும். சில நாட்களுக்குப் பின் ஞாயிறு மூவேளைச் செபத்தின்போது திருத்தந்தை பதினான்காம் லியோ அக்குழந்தைகளுக்காக வேண்டினார். அதோடு நில்லாமல், உலகெங்கும் கொள்ளைநோய்போல் பரவியுள்ள ஆயுதங்களுக்கு ஒரு முடிவு வரவேண்டும் என்றும் மன்றாடினார்.

இதில் திருச்சபையின் போதனை மறைபொருளாக இல்லை. அநியாயமாகத் தாக்கப்படுபவர் தம்மைத் தற்காத்துக் கொள்ளலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் ஏற்கிறது. ஆயுதங்களின் உற்பத்தியையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்துவது அரசுகளின் உரிமையும் கடமையும் என்றும் அதே நூல் கற்பிக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். அமெரிக்க ஆயர்கள் பல்லாண்டுகளாகவே, துப்பாக்கி வாங்குவோர் அனைவரின் பின்னணியும் ஆராயப்பட வேண்டும், போர்க்களத்துக்குரிய வகைத் துப்பாக்கிகள் தடைசெய்யப்பட வேண்டும் என்று வலியுறுத்தி வருகின்றனர். அந்நாட்டுக் கத்தோலிக்கரிலேயே இதை ஏற்காதோர் பலர் உண்டு. 1791ஆம் ஆண்டிலேயே அரசியல் சட்டத் திருத்தத்தில் இடம்பெற்ற உரிமை, தலைமுறை தலைமுறையாக வேட்டையாடும் குடும்பங்கள், காவலர் வந்து சேர நெடுநேரமாகும் ஒதுக்குப்புறப் பண்ணைகள்: இவற்றையெல்லாம் ஏளனமாக ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. ஆனால் 2020ஆம் ஆண்டில், அந்நாட்டுச் சிறுவரும் இளைஞரும் இறப்பதற்குரிய காரணங்களில் சாலை விபத்தைப் பின்தள்ளித் துப்பாக்கி முதலிடத்தை அடைந்தது. உரிமையைப் பற்றிப் பேசுவோர் இக்கணக்கையும் அருகில் வைத்துக்கொண்டு பேசவேண்டும்.

சட்டத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் டன்பிளேன் என்னும் சிற்றூர் சாட்சி. 1996ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் காலை, அவ்வூர்த் தொடக்கப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் ஐந்து ஆறு வயதுக் குழந்தைகள் 16 பேரும் அவர்தம் ஆசிரியையும் கொல்லப்பட்டனர். கொலையாளி வைத்திருந்த கைத்துப்பாக்கிகள் அனைத்தும் முறையான உரிமம் பெற்றவை. அம்மனிதரிடமிருந்து உரிமத்தைத் திரும்பப் பெறவேண்டும் என்று காவல்துறை அலுவலர் ஒருவர் 1991ஆம் ஆண்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். அது செயலாகவில்லை. கோப்புக்குள் உறங்கிவிடும் எச்சரிக்கைகள் எந்த நாட்டிலும் உண்டு போலும்!

அவ்வூராரும் நண்பர்களும் அழுதுகொண்டே எழுந்தனர். அப்பருவத்தில் பூத்திருந்த ‘ஸ்நோட்ராப்’ என்னும் சிறு வெண்மலரின் பெயரால் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். கடைவீதிகளில் மேசை போட்டு அமர்ந்து கையொப்பம் திரட்டினர். சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் கையெழுத்திட்டனர். நீதிபதி கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. 1997ஆம் ஆண்டில், முதலில் ஓர் ஆட்சியும் பின்னர் அதற்கு எதிர்க்கட்சியாயிருந்த மற்றோர் ஆட்சியுமாக இரு சட்டங்களை இயற்றி, தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பதை ஏறக்குறைய முற்றிலும் தடைசெய்தன. மக்கள் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைக் கொண்டுவந்து ஒப்படைத்தனர். அதன்பின் இன்றுவரை பிரிட்டனின் பள்ளி எதிலும் அத்தகைய படுகொலை நிகழவில்லை.

அமெரிக்காவில் மக்கள் தொகையைவிடத் துப்பாக்கிகளின் தொகை மிகுதி எனக் கணிக்கப்படுகிறது. எனவே டன்பிளேனின் வழி அங்கு அப்படியே செல்லாது என்போர் கூற்றில் உண்மை உண்டு. 2012ஆம் ஆண்டு டிசம்பர் 14 அன்று சாண்டி ஹூக் பள்ளியில் 20 பிஞ்சுகளும் பெரியோர் 6 பேரும் மாண்ட பின்னரும், பின்னணிச் சோதனையை விரிவாக்கும் மசோதா 2013 ஏப்ரலில் செனட் சபையில் தோற்றது. ஆதரவு 54, எதிர்ப்பு 46, தேவைப்பட்டதோ 60. பின்னர் 2022 மே மாதத்தில் டெக்சாசின் யுவால்டி நகரில் 19 குழந்தைகளும் ஆசிரியையர் இருவரும் கொல்லப்பட்டனர். ஆயுதம் தாங்கிய காவலர் 70 நிமிடங்களுக்கு மேல் வெளியிலேயே நின்றனர். ஓநாயைக் கண்டதும் ஆடுகளை விட்டு ஓடும் கூலியாளைப் பற்றிய நம் ஆண்டவரின் சொல் நினைவுக்கு வராமற் போகுமோ? அடுத்த மாதமே ஒரு சட்டம் நிறைவேறியது. 21 வயதுக்குட்பட்டோர் துப்பாக்கி வாங்கும்போது கூடுதல் சோதனை வேண்டும் என்றது அது.

இனி வீட்டுக்கு வருவோம். பெற்றோராகிய நம் கைக்கு எட்டுவது அதுவே. அமெரிக்க அரசின் இரு துறைகள் இணைந்து, 1974 முதல் 2000 வரை நிகழ்ந்த 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டன. தாக்கிய இளைஞர்களுள் மூவரில் இருவர் தம் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோதான் ஆயுதத்தை எடுத்திருந்தனர். ஐந்து நிகழ்ச்சிகளில் ஏறத்தாழ நான்கில், நடக்கப்போவதைப் பற்றி வேறொருவருக்கு முன்னமே தெரிந்திருந்தது. தெரிந்தவர் பெரும்பாலும் மற்றொரு மாணவரே. காட்டிக்கொடுப்பவன் என்னும் பெயருக்கு அஞ்சி வாய் திறவாத ஒரு பிள்ளை! நம் பிள்ளைகளுக்கும் நாம் இதைச் சொல்லித் தரவேண்டும்: நண்பன் தன்னையோ பிறரையோ அழிக்க எண்ணுகிறான் என்று அறிந்தால், அதைப் பெரியவரிடம் கூறுதல் துரோகமன்று.

2021 நவம்பர் 30ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் நடந்ததைக் கேளுங்கள். நான்கு நாட்களுக்கு முன்புதான் தந்தை ஒரு கைத்துப்பாக்கி வாங்கி 15 வயது மகனுக்குத் தந்திருந்தார். அன்று காலை மகன் தன் கணக்குத் தாளில் துப்பாக்கியையும் குருதி சிந்தும் உருவத்தையும் வரைந்து, உதவி கேட்டும் எழுதியிருந்தான். பள்ளியார் பெற்றோரை அழைத்துக் காட்டினர். பெற்றோர் அவனை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. துப்பாக்கியைப் பற்றி வாய் திறக்கவுமில்லை. பள்ளியாரும் பையைச் சோதிக்கவில்லை. சற்று நேரத்திற்குள் மாணவர் நால்வர் மாண்டனர். 2024ஆம் ஆண்டில் தாயும் தந்தையும் தனித்தனியே விசாரிக்கப்பட்டு, ஒவ்வொருவரும் 10 முதல் 15 ஆண்டுவரை சிறைத் தண்டனை பெற்றனர். குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைக்கிறோம். அவ்வில்லத்தில் ஒரு பிள்ளை தாளில் எழுதிய அலறலைப் படிக்க எவருக்கும் நேரமில்லாமற் போயிற்று.

சுட்டவனும் ஒரு தாயின் பிள்ளையே என்பதை மறவாத மக்களும் உள்ளனர். 2006 அக்டோபர் 2ஆம் நாள் பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் என்னும் இடத்தில், ஆமிஷ் கிறிஸ்தவர்களின் ஓரறைப் பள்ளியில் ஐந்து சிறுமியர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளியும் தன்னையே மாய்த்துக் கொண்டான். அன்றே அம்மக்களுள் சிலர் அவனுடைய மனைவி மக்களைத் தேடிச் சென்று ஆறுதல் கூறினர். அவனது அடக்கத்திலும் கலந்து கொண்டனர். அப்பள்ளியை மட்டும் அவர்கள் பத்து நாட்களுக்குள் இடித்து அகற்றி, வேறிடத்தில் புதிதாகக் கட்டினர். மன்னித்தார்கள், அதற்காகப் பிள்ளைகளை அதே அறைக்கு அனுப்பவில்லை.

நம் பங்குகளிலிருந்து அமெரிக்கா சென்று வாழும் குடும்பங்கள் பல. அங்குள்ள நம் பேரப்பிள்ளைகள், விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, மூச்சுக் காட்டாமல் மூலையில் ஒடுங்கியிருக்கும் பயிற்சியைப் பள்ளியில் பெறுகின்றனர். தொலைபேசியில் பேசும்போது அதைப் பற்றிக் கேளுங்கள். விளையாட்டாகச் சொன்னாலும் பொறுமையாகக் கேளுங்கள். பிள்ளை நண்பன் வீட்டுக்கு விளையாடச் செல்லும் முன், அவ்வீட்டில் துப்பாக்கி உண்டா, உண்டெனில் தோட்டா நீக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்களா, தோட்டாக்கள் தனியே பூட்டப்பட்டுள்ளனவா, சாவி எவரிடம் என்று கேட்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். அயலாரிடம் இப்படிக் கேட்பது மரியாதையாகுமா என்று நம்மவர் தயங்குவர். நாய் கடிக்குமா, நீச்சல் குளத்திற்கு வேலி உண்டா என்றெல்லாம் அந்நாட்டுத் தாய்மார் கூச்சமின்றிக் கேட்கின்றனர். இதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.