வாசகரைத் தேடிச் செல்லும் எழுத்து

எழுதுபவர் ஓரிடத்தில் இருக்கிறார். படிப்பவர் வேறோரிடத்தில் இருக்கிறார். இவ்விருவருக்கும் இடையே ஒரு வழி வேண்டும். அவ்வழி தெருவில் கூவி இதழ் விற்ற சிறுவனாக இருந்தது. பிறகு அஞ்சற்காரரின் பையாக இருந்தது. இன்று பெரும்பாலும் கைப்பேசித் திரையாக இருக்கிறது. நல்ல எழுத்து தானே வாசகரைத் தேடிக்கொள்ளும் என்று பலர் நம்புகின்றனர். தமிழ் இதழ்களின் வரலாறு அவ்வளவு எளிதாக அதனை ஒப்புக்கொள்வதில்லை. மிகச் சிறந்த எழுத்து வழியின்றித் தேங்கி நின்றதும் உண்டு. எளிய துணுக்கு வழியறிந்து ஊரெங்கும் பரவியதும் உண்டு.

சென்னையில் 1878ஆம் ஆண்டு இளைஞர் அறுவர் கடன் வாங்கிய சிறு தொகையைக் கொண்டு ‘தி இந்து’ என்னும் ஆங்கில வார இதழைத் தொடங்கினர். முதல் இதழில் அச்சிட்ட படிகள் 80 மட்டுமே. அந்த அறுவருள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், நாட்டு நடப்பைத் தமிழ் மட்டுமே அறிந்த பெருந்திரளான மக்களுக்கும் சொல்ல வேண்டும் எனக் கருதி, 1882இல் ‘சுதேசமித்திரன்’ இதழை நிறுவினார். வார இதழாகத் தொடங்கிய அது 1899இல் நாளிதழாயிற்று. வாசகர் மாறினால் மொழியும் மாறவேண்டும். மொழி மாறினால் விளக்கும் முறையும் மாறவேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லால் சுட்டிச் சென்ற சட்டச் செய்தியைத் தமிழில் நான்கு தொடர்களில் விரித்துரைக்க வேண்டியிருந்தது.

அச்‘சுதேசமித்திர’னில் 1904ஆம் ஆண்டு துணையாசிரியராகச் சேர்ந்தவர் சுப்பிரமணிய பாரதியார். அவர் 1906 முதல் ‘இந்தியா’ என்னும் வார இதழை நடத்தினார். அது சிவப்பு வண்ணத் தாளில் வெளிவந்தது. அரசியல் செய்திகளைக் கேலிச் சித்திரங்களாக வரையச் செய்து வெளியிட்டது. அக்காலத் தமிழ் இதழ்களில் இது புதுமை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இருந்த நாளில், படம் படிப்பறியாதவரையும் இழுத்து நிறுத்தியது. ஒருவர் படிக்க, ஐந்தாறு பேர் சுற்றியிருந்து கேட்கவும், படத்தைப் பார்க்கவும் முடிந்தது. கடையில் தொங்கும் பல இதழ்களுக்கு நடுவே சிவப்புத் தாள் தொலைவிலிருந்தே கண்ணில் பட்டது.

ஆனால் 1908இல் ஆங்கில அரசு இதழின் மீது வழக்குத் தொடுத்தது. பாரதியார் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாகிய புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் அங்குச் சென்றது. அங்கே அச்சுக்கூடம் இருந்தது, ஆசிரியர் இருந்தார். வாசகரோ பெரும்பாலும் ஆங்கில ஆட்சிப் பகுதியில் இருந்தனர். புதுச்சேரியில் அச்சான இதழ் எல்லையைக் கடந்து வருவதை அரசு தடுத்தது. எழுதும் கையும் ஓயவில்லை, படிக்கும் ஆவலும் ஓயவில்லை. நடுவிலிருந்த வழி மட்டும் அடைபட்டது. 1910ஆம் ஆண்டில் ‘இந்தியா’ நின்றுபோயிற்று.

பத்தாண்டுகளுக்குப் பின், 1920இல், பாரதியார் இன்னொரு முயற்சி செய்தார். தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடத் திட்டமிட்டார். மொத்தம் நான்கு இலட்சம் படிகள். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் போலத் தம் நூல்கள் எளிதாகவும் விரைவாகவும் விலைபோகும் என்று நம்பினார். அச்சுச் செலவுக்குப் பொருளுதவி வேண்டி நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். உதவி போதிய அளவு வரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

இத்திட்டத்தைக் கவிஞரின் கனவு என்று சொல்லி ஒதுக்கிவிடுவது சரியன்று. பாரதியார் தேர்ந்தெடுத்த உவமை வணிகம் அறிந்தவர் சொல்லக்கூடியது. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் பெருநகரப் புத்தகக் கடையில் விற்பனவல்ல. தெருமுனைக் கடையில் விற்பன. வாங்குபவர் அவற்றுக்கென்று தனியே புறப்படுவதில்லை. அன்றாடம் போகும் வழியிலேயே வாங்கிக்கொள்கிறார். எழுத்து, மக்கள் கூடும் இடத்துக்குச் செல்ல வேண்டும் என்பதை அவர் தெளிவாகவே கண்டிருந்தார். ஆனால் மண்ணெண்ணெய் வாங்குபவர் எல்லாரும் படிக்கத் தெரிந்தவர் அல்லர். அச்சிடுவதற்கு வேண்டிய பெருந்தொகையை முன்பணமாகத் திரட்டவும் வழி அமையவில்லை.

பின்னாளில் அவருடைய பாடல்கள் பரவியது வேறு வழிகளில். நாடக மேடை, இசைத்தட்டு, திரைப்படம் ஆகியவை அவற்றைச் சுமந்து சென்றன. 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ திரைப்படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்களைப் பள்ளி வாயிலை மிதியாதவரும் மனப்பாடமாகப் பாடினர். 1949இல் அரசே பாரதியார் நூல்களின் உரிமையைப் பெற்றது; பின்னர் எவரும் அவற்றை அச்சிடலாம் என்னும் நிலை வந்தது. கண்ணால் படிக்க இயலாதவரைக் காது வழியாக அடையலாம் என்பது அப்பாடல்களால் விளங்கிற்று.

வாசகரைத் திரட்டுவதில் பெருவெற்றி கண்டவர் எஸ்.எஸ். வாசன். 1926இல் தொடங்கப்பட்டு நலிந்திருந்த ‘ஆனந்த விகடன்’ இதழை அவர் 1928இல் வாங்கினார். விளம்பரத் தொழிலில் பழகியவர் ஆதலால், மக்களை ஈர்ப்பது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நகைச்சுவைத் துணுக்கு, கேலிச் சித்திரம், பரிசுடன் கூடிய குறுக்கெழுத்துப் போட்டி ஆகியவற்றை இதழில் சேர்த்தார். பரிசுக்காக இதழ் வாங்கச் செய்வது சூதாட்டத்துக்கு ஒப்பானது என்று குறை கூறியவர்களும் இருந்தனர். அக்குறையில் சிறிது உண்மையும் உண்டு. எனினும், பரிசை எண்ணி வந்தவர்களைத் தங்கவைத்தது கல்கியின் எழுத்தே. கல்கி எழுதிய ‘தியாக பூமி’ 1939இல் தொடராக வெளிவந்தபோது, அதே வேளையில் உருவாகிவந்த திரைப்படத்தின் காட்சிகளே கதைக்குப் படங்களாக அச்சாயின. தொடரைப் படித்தவர் திரையரங்குக்குச் சென்றனர். படம் பார்த்தவர் இதழை நாடினர்.

அதே காலத்தில், 1933இல் தோன்றிய ‘மணிக்கொடி’க்கு வாசகர் சிலரே. புதுமைப்பித்தன், மௌனி, கு.ப. ராஜகோபாலன் முதலியோரின் சிறுகதைகள் அதில் வந்தன. இதழ் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுவோர் எவரும் அதனைத் தவிர்த்து எழுத இயலாது.

தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழர்க்கு இவற்றினும் நெருக்கமான வரலாறு ஒன்று உண்டு. 1965ஆம் ஆண்டு ‘கணையாழி’ என்னும் மாத இதழ் தில்லியில் தொடங்கப்பட்டது. அதனை நிறுவியவர் கி. கஸ்தூரிரங்கன், ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழுக்குத் தில்லியிலிருந்து செய்தி எழுதியவர். அக்காலத்தில் தில்லியில் நடுவணரசு அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பணியாற்றிய தமிழர் பலர் இருந்தனர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதியும், பின்னர் வானொலிப் பணிக்காகத் தில்லிக்கு வந்த தி. ஜானகிராமனும் அவர்களுள் அடங்குவர். இளம் பொறியாளராக இருந்த சுஜாதா ‘கணையாழி’யின் கடைசிப் பக்கத்தை வேறொரு புனைபெயரில் எழுதிவந்தார். சென்னையிலிருந்து அசோகமித்திரன் துணைநின்றார். அவருடைய ‘தண்ணீர்’ புதினம் அவ்விதழில்தான் தொடராக வந்தது.

தலைநகரில் அச்சாகும் தமிழ் இதழை யார் வாங்குவர்? தில்லித் தெருக்களில் அதனைக் கூவி விற்க முடியாது. ஆகவே அஞ்சலே அதற்கு உரிய வழியாயிற்று. பதிவுபெற்ற இதழ்களுக்கு இந்திய அஞ்சல்துறை குறைந்த கட்டணச் சலுகை வழங்கியது. 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் அதற்கு இரு கட்டுப்பாடுகளை விதித்திருந்தது: உண்மையான சந்தாதாரர் குறைந்தது 50 பேர் இருக்க வேண்டும், இரண்டு இதழ்களுக்கு இடையே 31 நாளுக்கு மேல் இடைவெளி இருத்தல் கூடாது. சட்டம் எழுதியவர்கள் இலக்கியத்தை எண்ணி இவ்வாறு எழுதியிருக்க மாட்டார்கள். ஆயினும் வாசகர் வட்டம் உருவாவதற்குத் தேவையானவை இவ்விரண்டுமே: பெயரும் முகவரியும் தெரிந்த சிறு கூட்டம், தவறாத கால ஒழுங்கு. ‘அடுத்த இதழ் எப்போது வரும்’ என்பது தெரியாத வாசகர் காத்திருப்பதில்லை.

இணையம் வந்தபோது தொலைவு என்னும் தடை நீங்கிற்று. வேறொரு தடை எழுந்தது. தொடக்கக் காலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவைப் பயன்படுத்தினர். ஒரு கணினியில் எழுதிய தமிழ் மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. உலகப் பொதுவான ஒருங்குறி முறை பரவிய பின்னரே அத்தொல்லை தீர்ந்தது. அதன் பின் சமூக வலைத்தளங்கள் பெருகின. பெருகியவை யாவும் நிலைக்கவில்லை. ‘ஆர்குட்’ 2014இல் மூடப்பட்டது. ‘கூகுள் பிளஸ்’ 2019இல் பொதுமக்களுக்கு நிறுத்தப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு ‘டிக்டாக்’ உள்ளிட்ட 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. தடைக்குக் காட்டப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பு. ‘இந்தியா’ இதழுக்கு நேர்ந்ததோடு இதனை ஒன்றாக எண்ணக் கூடாது. ஆனால் அச்செயலியில் மட்டுமே இயங்கிய சிற்றூர்க் கலைஞர்களுக்கு விளைவு ஒன்றாகவே இருந்தது. அவர்களைப் பின்தொடர்ந்த இலட்சக்கணக்கானோர் யார், எந்த ஊரினர் என்பது அவர்களுக்குத் தெரியாது. சந்தாதாரர் பட்டியல் ‘கணையாழி’யின் மேசையில் இருந்தது, பின்தொடர்வோர் பட்டியல் நிறுவனத்தின் கணினியில் இருந்தது.

போபாலில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவி, திருநெல்வேலியிலுள்ள தன் பாட்டியின் பேச்சில் வரும் சொற்களைத் தொகுத்து எழுதுகிறாள் என்று கொள்ளலாம். பாத்திரத்தை ‘ஏனம்’ என்பதும், பாத்திரம் துலக்கும் இடத்தை ‘அங்கணம்’ என்பதும் அவள் குறிப்பேட்டில் உள்ளன. இதற்கு வாசகர் யார்? பாட்டியும் உறவினரும் ஒரு பிரிவினர். அவர்கள் ஏற்கெனவே வாட்ஸ்அப் குழுவில் இருக்கின்றனர், அங்கேயே அனுப்பலாம். புனேயில் வளரும் மாமா மகன் தமிழைப் புரிந்துகொள்வான். ஆனால் படிக்கத் தெரியாது. அவனுக்கு எவ்வளவு நல்ல கட்டுரை அனுப்பினாலும் அது கோடுகளின் கூட்டமே. பாட்டியின் குரலைப் பதிவு செய்து, சொற்களைத் தமிழ் எழுத்தில் திரையில் காட்டி யூடியூபில் இட்டால், காதால் அறிந்த சொல்லை அவன் கண்ணாலும் அறிவான். வெளிமாநிலங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுள் இவனைப் போன்றோர் மிகப் பலர். தமிழில் எழுதுவோர் மறந்துபோகும் வாசகரும் இவர்களே.

மூன்றாம் பிரிவினர், முகம் அறியாதவர். ஐந்தாண்டுகள் கழித்து எவரேனும் ‘அங்கணம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் தேடக்கூடும். அவருக்கு வாட்ஸ்அப் செய்தி கிடைக்காது. 24 மணி நேரத்தில் மறையும் நிலைப்படங்களும் கிடைக்கா. தேடுபொறி கண்டெடுக்கும் வகையில் எழுத்தாகவே நிலைத்திருக்கும் ஒரு தளம் அதற்கு வேண்டும்; தலைப்பிலும் அச்சொல் இடம்பெற வேண்டும். இன்ஸ்டாகிராம் படத்துக்கு ஏற்றது; ஆனால் படத்தின் கீழ் எழுதும் குறிப்பில் இடும் இணைப்பு சொடுக்கினால் திறப்பதில்லை. எக்ஸ் தளத்தில் கட்டணமின்றி எழுதுவோர்க்கு 280 குறிகளே வரம்பு. அங்கே இலக்கணம் செல்லாது: ‘தமிழ்’ என்பதில் எழுத்து மூன்று, கணினி எண்ணுவதோ ஐந்து. மகரத்தின் இகரக் குறியும் ழகரத்தின் புள்ளியும் தனித்தனியே கணக்கில் சேரும். ஆகவே நெடிய விளக்கத்துக்கு அத்தளம் பொருந்தாது.

இத்தளங்களுள் பெரும்பாலானவை 13 வயது நிறையாதவர் கணக்குத் தொடங்க இசைவதில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அம்மாணவி தன் தாயின் கணக்கில் இரண்டு வழிகளை மட்டும் தேர்ந்தெடுப்பதே தக்கது. ஐந்து தளங்களில் ஐந்து நாள் எழுதிக் களைப்பதைவிட, இரண்டில் ஞாயிறுதோறும் எழுதுவது எளிது. மூலக் குறிப்பேடும் குரற்பதிவும் வீட்டிலேயே இருக்க வேண்டும். பாட்டியின் குரலையும் பெயரையும் வெளியிடுமுன் பாட்டியைக் கேட்டாக வேண்டும்.

வெளியிட்ட பின் பார்வையாளர் எண்ணிக்கை ஒரு வாரம் பன்னிரண்டாகவே நிற்கலாம். அப்பன்னிருவருள் ஒருவர், ‘எங்கள் ஊரில் அங்கணத்தை வேறு பெயரால் சொல்வோம்’ என்று மறுமொழி எழுதுவாராயின், அவரிடம் ஊர்ப் பெயரைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பகுதியை அச்சொல்லிலிருந்தே தொடங்கலாம்.