கலின்கா பாடிய சிப்பாய்

எவ்கேனி பெல்யாயெவ் பாடும் காட்சிகள் 1960-களில் எடுத்த படங்களில் இன்றும் காணக் கிடைக்கின்றன. அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக ஆண்கள், எல்லோரும் சோவியத் ராணுவச் சீருடையில். அவரும் அதே சீருடையில்தான் நிற்கிறார். கையை வீசுவதில்லை, முகத்தைச் சுளிப்பதில்லை. வாய் திறந்ததும் ஒரு குரல் எழுகிறது. கோரஸின் கனத்த முழக்கத்துக்கு மேலே, எந்தச் சிரமமும் தெரியாமல், அது பாட்டுக்கு மேலே போய் நிற்கிறது. பட்டாளத்துக்காரரின் குரல் இத்தனை மென்மையாக இருக்குமா என்று கேட்பவர் ஒரு கணம் திகைத்துப் போவார்.

ஆண்குரல்களில் உயரமானது டெனர். ஓபரா மேடையில் டெனர்தான் காதலன், கதாநாயகன். பெல்யாயெவ் பாடிய, ரஷ்ய ராணுவத்தின் அலெக்சாந்த்ரோவ் பாடல் ஆடல் குழுவில் டெனர் யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. எங்கே பாட வேண்டும், யாருக்காகப் பாட வேண்டும், எந்த அரசியல் தருணத்தில் பாட வேண்டும் என்பதையெல்லாம் அங்கே மேலிடம் முடிவு செய்துவிடும். எப்படிப் பாட வேண்டும் என்பது மட்டும்தான் பாடகரின் கையில் மிஞ்சும். மிஞ்சிய அந்த இடத்துக்குள் முழு வாழ்க்கையையும் வாழ்ந்தவர்கள் இந்த டெனர்கள்.

பெல்யாயெவ் 1926-இல் பிரியான்ஸ்க் வட்டாரத்தில் உள்ள கிளின்ட்ஸி என்ற ஊரில் பிறந்தார். துணி ஆலைகள் நிறைந்த சிற்றூர் அது. 1941 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை அந்த ஊரைப் பிடித்தது. 1943 செப்டம்பரில்தான் செஞ்சேனை அதை மீட்டது. 1926-இல் பிறந்த பையன்களை மீசை அரும்புவதற்கு முன்பே சோவியத் அரசு போருக்கு அழைத்துக்கொண்டது. பெல்யாயெவும் அந்தப் போரைப் பார்த்தவர்தான். இது தெரிந்த பிறகு, போர்முனைச் சிப்பாய்களின் உறக்கத்தைப் பற்றிய ‘சொலோவி’ என்ற பாட்டை அவர் குரலில் கேட்டால் வேறு விதமாகக் கேட்கிறது. சொலோவியோவ் செதோய் மெட்டமைத்தது; வரிகளை எழுதிய அலெக்சேய் ஃபத்யானவும் அப்போது சிப்பாய்தான். நைட்டிங்கேல் பறவைகளிடம் ஒரு சிப்பாய் வேண்டிக்கொள்வது அந்தப் பாட்டு. பெல்யாயெவ் அதைப் பாடும்போது சோகத்தை ஒரு சொட்டுக்கூடக் கூட்டிக் காட்டுவதில்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லும் அடக்கம் அது.

அவர் 1955-இல் சேர்ந்த குழுவுக்கு அதற்குள் கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருந்தது. 1928 அக்டோபரில் மாஸ்கோவில் செஞ்சேனையின் மத்திய மாளிகையில் பன்னிரண்டே பேரோடு அது மேடை ஏறியது. எட்டுப் பாடகர்கள், இரண்டு ஆட்டக்காரர்கள், பயான் என்ற பொத்தான் அக்கார்டியன் வாசிப்பவர் ஒருவர், இடையிடையே கதை சொல்ல ஒருவர். குழுவை அமைத்தவர் அலெக்சாந்தர் அலெக்சாந்த்ரோவ், மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பேராசிரியர். அவருடைய முந்தைய வேலைதான் என்னை ஈர்த்தது. புரட்சிக்குப் பிந்தைய சில ஆண்டுகள் மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தில் அவர் பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பேராலயத்தை 1931-இல் சோவியத் அரசு வெடி வைத்துத் தகர்த்தது. அதன் பாடகர் தலைவரோ செஞ்சேனைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தில் வாத்தியம் கிடையாது. மனிதக் குரல்தான் எல்லாமே. பாதாளத்திலிருந்து வருவதுபோல் ஆழ்ந்து ஒலிக்கும் பாஸ் குரல்கள் அடித்தளம். அவற்றின் மேல் பாரிடோன்கள். அதற்கும் மேல் இரண்டாம் டெனர்கள், முதல் டெனர்கள். இந்தக் கட்டுமானத்தை அலெக்சாந்த்ரோவ் அப்படியே பட்டாளத்துக்குள் கொண்டுவந்தார். பாலலைகா, தோம்ரா போன்ற நரம்புக் கருவிகள் பிறகு சேர்ந்தன. ராணுவக் குழு என்றதும் அணிவகுப்பு இசையும் எக்காளமும்தான் நம் நினைவுக்கு வரும். இந்தக் குழுவின் பலம் வேறு. தாழ்ந்து பாடும்போதுதான் அது நம்மை ஆட்டிப் படைக்கிறது. நூறு ஆண்கள் வாய்மூடி முனகும் ஒலியின் மேல் ஒற்றை டெனர் எழும் அந்த அமைப்பு கோயிலில் பிறந்தது. அதை மறந்தால் பெல்யாயெவின் பாட்டு நமக்குப் பிடிபடாது.

‘கலின்கா’வை எடுத்துக்கொள்வோம். பலரும் இதை அநாதி காலத்து நாட்டுப்பாட்டு என்று நினைக்கிறார்கள். 1860-இல் சரத்தோவ் நகரில் இவான் லரியோனவ் இயற்றிய பாட்டு இது. செம்பழக் கொத்துகள் தொங்கும் ஒரு புதரையும் தோட்டத்துப் பழத்தையும் கொஞ்சும் பல்லவியைக் கோரஸ் பாடும். மெல்லத் தொடங்கி, வேகம் கூட்டி, கடைசியில் ஓட்டமாய் ஓடும். ஓட்டத்தின் உச்சியில் சட்டென்று எல்லாம் நிற்கும். அங்கேதான் டெனர் நுழைகிறார். தாளம் போய்விடுகிறது. பைன் மரத்தின் கீழ்த் தூங்கப் போகிறவனின் வேண்டுதலாக சரணம் நீளுகிறது. நடத்துனரின் கோல் அவருக்காகக் காத்திருக்கிறது. ஒரு சுரத்தை எத்தனை நேரம் பிடித்து நிறுத்துவது, எந்த இடத்தில் குரலை நூலிழையாக மெலிய விடுவது, மறுபடி எங்கே முழுக் குரலுக்கு ஏற்றுவது என்பதெல்லாம் பாடகரின் விருப்பம். ராணுவ நிகழ்ச்சி முழுவதிலும் உத்தரவு இல்லாத நேரம் இந்தச் சில நொடிகள் மட்டும்தான்.

உச்ச சுரத்தை உரக்கப் பிடிப்பது பெரிய காரியமில்லை, நல்ல மூச்சுப் பலம் உள்ளவர்கள் செய்துவிடுவார்கள். அதே சுரத்தில் நின்றுகொண்டு ஒலியைப் படிப்படியாகக் குறைப்பதுதான் கழுத்தைப் பிடிக்கும் வேலை. மூச்சு தளர்ந்தால் சுருதி இறங்கும். தொண்டை இறுகினால் குரல் கீறும். மார்புக் குரலும் தலைக்குரலும் கலக்கும் அந்த எல்லையில் பெல்யாயெவ் ஒட்டுத் தெரியாமல் நடக்கிறார். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. மேற்கத்திய நாடுகளில் அவருக்கு ‘மிஸ்டர் கலின்கா’ என்றே பெயர் வந்தது.

அந்தப் பட்டம் அவரோடு தொடங்கியதல்ல. அவருக்கு முன் பியோதர் த்வெர்தோஹ்லேபவ் பாடினார், விக்தர் நிகிதின் பாடினார். நிகிதினின் வாழ்க்கையில் ஒரு நாளைச் சொல்லாமல் கடக்க முடியாது. 1948 ஆகஸ்டில் பெர்லினின் ஜெந்தார்மென்மார்க்ட் சதுக்கத்தில் இந்தக் குழு திறந்தவெளிக் கச்சேரி செய்தது. அந்த ஜூன் மாதம்தான் சோவியத் ராணுவம் மேற்குப் பெர்லினுக்கான தரைவழிகளை அடைத்திருந்தது. உணவும் நிலக்கரியும் விமானத்தில் வந்துகொண்டிருந்தன. சதுக்கத்தின் இரு தேவாலயங்களும் நாடக அரங்கும் குண்டுவீச்சில் சிதைந்து நின்றன. கூடியிருந்தவர்கள் சுமார் முப்பதாயிரம் பேர் என்பார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே சீருடை அந்த நகரத்துக்குள் நுழைந்தபோது பெண்களுக்கு நேர்ந்ததை அங்கே நின்ற யாரும் மறந்திருக்க முடியாது.

அந்தக் கூட்டத்தின் முன்னால் நிகிதின் ‘கலின்கா’ பாடினார். மறுபடி பாடச் சொல்லிக் கேட்டார்கள், பாடினார். மறுபடியும் கேட்டார்கள். ஜெர்மானியர்கள் சிறுவயதிலிருந்து பாடிப் பழகிய ஒரு நாட்டுப்பாட்டை ஜெர்மன் மொழியிலேயே பாடவும் செய்தார். பதிவு இன்றைக்கும் இருக்கிறது. அதை ஒரு பிரசார நிகழ்ச்சி என்று சொல்லித் தள்ளிவிடலாம். அரசு அதற்காகத்தான் அவர்களை அனுப்பியது என்பதில் ஐயமில்லை. ஆனால் கைதட்டியவர்கள் முற்றுகையை ஆதரித்துக் கைதட்டினார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடிபாடுகளுக்கு நடுவே தங்கள் பாட்டை ஒரு ரஷ்யன் இத்தனை கனிவோடு பாடியதைக் கேட்டார்கள். அந்தக் கனிவுக்கு யாரும் அவனுக்கு உத்தரவிட்டிருக்க முடியாது.

குழுவை நிறுவிய அலெக்சாந்த்ரோவ் அதே பெர்லினில், 1946 ஜூலையில், இசைப் பயணத்தின்போது காலமானார். மகன் பரீஸ் பொறுப்பேற்று 1987 வரை நடத்தினார். பெல்யாயெவ் வளர்ந்ததெல்லாம் அவர் கோலின் கீழ்தான். 1956-இல் குழு லண்டன் போனது. ‘டிப்பரரி’ என்ற ஆங்கிலப் பாட்டை ஆங்கிலத்திலேயே பாடி ஆங்கிலேயர்களை அசத்தியது. அப்போது பதிவான இசைத்தட்டுதான் இந்தக் குரல்களை மேற்கத்திய வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது. அதே ஆண்டு நவம்பரில் ஹங்கேரிய எழுச்சியை நசுக்க சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்தன. இசையும் டாங்கியும் ஒரே அமைச்சகத்தின் கீழ் வேலை செய்தன என்பதை இந்தப் பாடகர்களை நேசிப்பவர்கள் மறைக்கக் கூடாது. நானும் மறைக்கவில்லை.

பெல்யாயெவுக்கு ரஷ்யக் குடியரசின் மக்கள் கலைஞர் பட்டம் கிடைத்தது. கால் நூற்றாண்டு அந்தக் குழுவில் பாடினார். இந்தக் காலம் முழுவதும் அவர் பாடியவற்றில் கட்சியைப் போற்றும் பாட்டு உண்டு, படையை வாழ்த்தும் பாட்டு உண்டு, விழாவுக்கென்று எழுதி விழாவோடு மறந்துபோன பாட்டும் உண்டு. ஓபரா டெனருக்குத் தன் பாத்திரத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஓரளவு இருக்கும். படைக்குழுவின் தனிப்பாடகர் தன் பாட்டு முடிந்ததும் மறுபடி வரிசைக்குப் போய் நிற்க வேண்டியவர். இசைத்தட்டின் அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது குழுவின் பெயர். அவர் பெயர் எங்கோ ஓரத்தில் இருக்கும். அவரோடு பாடிய பாஸ் குரலோன் லியோனித் ஹரித்தோனவ் தன் ‘வோல்கா படகோட்டிகள்’ பாட்டால் இணையத்தில் புதிய தலைமுறையிடம் புகழ் பெற்றார். பெல்யாயெவ் 1994-இல் இறந்தார். அந்த இணையப் புகழைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

அவருக்குப் பின் ‘கலின்கா’ வதீம் அனன்யெவின் பொறுப்பானது. பெல்யாயெவின் நூலிழை நயம் இவரிடம் இல்லை என்பது என் கருத்து. பதிலுக்கு வேறொன்று இருக்கிறது. இவர் முகத்தில் குறும்பு இருக்கும். நீண்ட சுரத்தைப் பிடித்தபடியே அரங்கத்தைப் பார்த்து, போதுமா என்று கேட்பதுபோல் நிற்பார். சனங்கள் சிரித்து, கைதட்டி, இன்னும் வேண்டும் என்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஒரு பாட்டை நாடு நாடாகப் பாடியவர். சோவியத் ஒன்றியம் போன பிறகும் குழு நின்றதற்கு வெளிநாட்டுக் கச்சேரிகள் ஒரு காரணம். அந்தக் கச்சேரிகளில் மக்கள் கேட்டு வாங்கிய பாட்டு இது.

2016 டிசம்பர் 25 அதிகாலை, சோச்சி நகரிலிருந்து கிளம்பிய ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் டியூ-154 விமானம் சற்று நேரத்திலேயே கருங்கடலில் விழுந்தது. அதில் இருந்த 92 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 64 பேர் இந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள். கலைத்தலைவர் வலேரி ஹலீலவும் அவர்களில் ஒருவர். சிரியாவில் ஹ்மெய்மிம் விமானதளத்து ரஷ்யப் படையினருக்குப் புத்தாண்டுக் கச்சேரி செய்யப் போய்க்கொண்டிருந்தார்கள். அலெப்போ நகரம் சிரிய அரசுப் படைகளிடம் வீழ்ந்து அப்போது சில நாள்தான் ஆகியிருந்தது. ரஷ்ய விமானங்கள் அந்த நகரத்தின் மேல் போட்ட குண்டுகளை நினைத்தவர்களுக்கு, இந்தச் சாவுகளுக்காக அழுவதா வேண்டாமா என்ற தயக்கம் வந்ததை நான் அறிவேன். பாடகர்களுக்காக அழுவதற்கு அலெப்போவை மறக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டையும் சேர்த்துச் சுமப்பது கடினம். ஆனாலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

அனன்யெவ் அந்த விமானத்தில் ஏறவில்லை. மனைவிக்குப் பிரசவமாகி, வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டதால் விடுப்புக் கேட்டு மாஸ்கோவிலேயே தங்கியிருந்தார். ஆண்டுக்கணக்கில் தன் முதுகுக்குப் பின்னால் நின்று, தான் சுரத்தை விடும்வரை காத்திருந்து பல்லவியை எடுத்த கோரஸில் பெரும்பகுதி ஒரே காலையில் இல்லாமல் போனது. தனிப்பாடகர் என்பவர் தனியாகப் பாடுகிறவர் அல்ல என்பதை இதைவிடக் கொடுமையாக யாரும் கற்றிருக்க முடியாது. ‘கலின்கா’வில் டெனரின் ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் கோரஸ் பழகியிருந்தது. எந்த நாளில் அவர் கொஞ்சம் நீட்டுவார், எந்த நாளில் சீக்கிரம் விடுவார் என்பது அவர்கள் உடம்புக்கே தெரிந்திருக்கும். சுரக்குறிப்புத் தாளில் எழுதி வைக்க முடியாத அறிவு அது.

குழுவைக் கலைக்கவில்லை. சில வாரங்களில் நாடு முழுவதிலிருந்தும் பாடகர்களை வரவழைத்துக் குரல் தேர்வு நடத்தினார்கள். மாஸ்கோவில் தங்கிவிட்ட வாத்தியக்காரர்களும், உயிரோடிருந்த சில தனிப்பாடகர்களும், புதிதாக வந்த இளைஞர்களும் சேர்ந்து 2017 பிப்ரவரியில் மேடை ஏறினார்கள். புதியவர்கள் முதலில் கற்க வேண்டிய பாட்டுகளில் ‘கலின்கா’வும் ஒன்று. அவர்களில் முதல் டெனர் வரிசைக்கு வந்தவர்களுக்கு அதன் சரணம் மனப்பாடமாக இருந்தால் மட்டும் போதாது. முன்னால் நிற்கும் மனிதர் மூச்சை விடும்வரை பொறுக்கப் பழக வேண்டும். பிறகு அவர் விட்ட இடத்திலிருந்து, அரை நொடி முந்தாமல் பிந்தாமல், பல்லவியை எடுக்க வேண்டும்.