பழைய கார் வாங்குமுன் டைமிங் செயினைச் சோதித்தீர்களா?

பழைய கார் வாங்கச் செல்பவர்கள் பெரும்பாலும் பெயின்ட், டயர், இருக்கை உறை, ஏசி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இவற்றுள் எது பழுதாக இருந்தாலும் பின்னர் சரிசெய்துகொள்ளலாம். ஆனால், என்ஜினின் ஒரு பக்கத்தில், மூடிக்குப் பின்னே கண்ணுக்குத் தெரியாமல் சுழலும் ஒரு சங்கிலி அறுந்தாலோ பல் தாண்டினாலோ, காரின் விலையில் பெரும்பகுதியை என்ஜினுக்கே செலவிட நேரலாம்.

கடன் பெற்றுக் கார் வாங்குவோருக்கு இது இரட்டைச் சுமை. மூன்று லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 36 மாதங்களுக்குப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 9,964 ரூபாய் ஆகும். கார் பட்டறையில் நின்றாலும் தவணை நிற்பதில்லை. ஆகவே, ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய காரை வாங்க எண்ணுவோர், டைமிங் செயின் எனப்படும் அச்சங்கிலியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நல்லது.

சங்கிலியின் பணி

பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தால் சுழல்வது கிராங்க் ஷாஃப்ட். காற்றும் எரிபொருளும் உள்ளே வரவும், புகை வெளியேறவும் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றும்போது கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு முறை சுற்ற வேண்டும். இந்த ஒழுங்கைக் காப்பது டைமிங் செயின்.

சில கார்களில் இப்பணியை ரப்பர் பெல்ட் செய்கிறது. பெல்ட்டை இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளரே வரையறுத்திருப்பார். செயினுக்குப் பெரும்பாலும் அத்தகைய வரையறை இல்லை. அது என்ஜின் ஆயிலில் நனைந்தபடியே ஓடுவதால் நெடுங்காலம் உழைக்கும். இதனால் ‘செயின் வண்டிக்குக் கவலையே இல்லை’ என்னும் நம்பிக்கை பரவியிருக்கிறது. ஆயிலை உரிய காலத்தில் மாற்றிய காருக்கு மட்டுமே இந்நம்பிக்கை பொருந்தும்.

நம் நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் என்ஜின். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ எனப் பல நிறுவனங்களின் கார்களில் இதே என்ஜின் இடம்பெற்றது. இதில் இருப்பது செயின். 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார்களை நிறுத்திக்கொண்டது. எனவே இந்த என்ஜின் கொண்ட மாருதி காரை இன்று வாங்குபவர், பல ஆண்டுகள் ஓடிய காரையே வாங்குகிறார்.

தேய்வு எவ்வாறு நேர்கிறது

‘செயின் நீண்டுவிட்டது’ என்று மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. உண்மையில் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஊசிகளும் அவற்றின் துளைகளும் தேய்கின்றன. ஒரு செயினில் 150 இணைப்புகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் 0.02 மில்லிமீட்டர் தேய்ந்ததாகவும் கொண்டால், மொத்தத்தில் செயின் 3 மில்லிமீட்டர் நீண்டுவிடும்.

கார் சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலும், என்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்றிலும் ஓடியதாகக் கணக்கிட்டால், 1,50,000 கிலோமீட்டருக்குள் கிராங்க் ஷாஃப்ட் 40 கோடி முறைக்கு மேல் சுழன்றிருக்கும். அத்தனைச் சுழற்சியிலும் உராய்வைத் தடுப்பது ஆயில் ஒன்றே. ஆயில் மாற்றம் தள்ளிப்போனாலும், அளவு குறைந்தாலும், தரம் மாறினாலும் தேய்வு விரைவுபடும். டீசல் என்ஜினில் ஆயிலோடு கலக்கும் கரித்துகள் அரம்போல் உராய்ந்து இத்தேய்வை மேலும் கூட்டும்.

செயின் தளரும்போது அதை இழுத்துப் பிடிப்பது டென்ஷனர். பெரும்பாலான என்ஜின்களில் இது ஆயில் அழுத்தத்தால் இயங்குகிறது. அதன் தண்டு நீள்வதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டித் தேய்ந்த செயின் பற்சக்கரத்தில் பல் தாண்டக்கூடும். அவ்வாறு நேர்ந்தால், மேலேறும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வை மோதி வளைத்துவிடும் அமைப்பே இன்றைய என்ஜின்கள் பலவற்றில் உள்ளது.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

முதலாவது, குளிர்ந்த என்ஜினை இயக்கிப் பார்ப்பது. முன்கூட்டியே வண்டியைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். சென்றவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் மறுநாள் காலையில் வருவதாகக் கூறிவிடலாம். இரவு முழுவதும் நின்ற என்ஜினில் ஆயில் கீழே வடிந்திருக்கும். இயக்கியவுடன் ஓரிரு நொடி எழும் ஒலி, ஆயில் அழுத்தம் ஏறியதும் அடங்கிவிட்டால் பெரிய குறையன்று. செயின் மூடியின் பக்கமிருந்து சலசலவென்ற உலோக ஒலி அதற்குமேலும் தொடர்ந்தாலோ, சூடான பின்னும் ஐடிலில் கேட்டாலோ எச்சரிக்கை கொள்ள வேண்டும். டேப்பெட், ஆல்டர்னேட்டர் பெல்ட், வாட்டர் பம்ப் பேரிங் ஆகியவையும் ஒலி எழுப்பும் என்பதால், ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை அனுபவமுள்ள மெக்கானிக் கேட்டுத் தீர்மானிப்பதே சரி.

இரண்டாவது, ஆயிலின் நிலை. டிப்ஸ்டிக்கில் அளவு குறைந்திருக்கிறதா, ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் கெட்டியான கறுப்புக் கசடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். டீசல் ஆயில் மாற்றிய சில நாள்களிலேயே கறுத்துவிடும். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது. கசடு இருந்தால், ஆயில் மாற்றம் பலமுறை தவறியிருக்கக்கூடும்.

மூன்றாவது, சர்வீஸ் பதிவேடு. ஒவ்வோர் ஆயில் மாற்றத்தின் தேதியும் கிலோமீட்டரும் தொடர்ச்சியாக உள்ளனவா என்று சரிபாருங்கள். நடுவில் 30,000 கிலோமீட்டர் இடைவெளி தென்பட்டால் காரணம் கேளுங்கள். மீட்டர் காட்டும் தொலைவைவிடப் பழைய ரசீதில் அதிகத் தொலைவு காணப்பட்டால், அந்தக் காரை விட்டுவிடுவதே அறிவுடைமை.

நான்காவது, ஸ்கேனர் சோதனை. ஓபிடி இணைப்பில் ஸ்கேனரைப் பொருத்தினால், என்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி பதிந்து வைத்துள்ள பிழைக் குறியீடுகள் தெரியும். பி0016 என்னும் குறியீடு, கிராங்க் ஷாஃப்டும் கேம் ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாத நிலையில் இருப்பதைச் சுட்டும். சென்சார் கோளாறாலும் இக்குறியீடு வரலாம். எனினும் செயினைப் பாராமல் விடக்கூடாது. குறியீடே இல்லாவிட்டால், அவை அண்மையில் அழிக்கப்பட்டனவா என்பதையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, நேரடிப் பார்வை. மேற்கண்டவற்றுள் இரண்டு ஐயங்கள் எழுந்தால், விற்பவரின் ஒப்புதலோடு மேல்மூடியைக் கழற்றிச் செயினின் தளர்வையும், டைமிங் குறிகள் நேராக நிற்கின்றனவா என்பதையும் பார்க்கலாம். சில என்ஜின்களில் டென்ஷனர் தண்டு எவ்வளவு வெளியே வந்துள்ளது என்பதையும் அளக்க முடியும். இதற்காகும் கூலி, பின்னால் வரக்கூடிய செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.

தேய்வு தெரிந்த பின்

தேய்வு உறுதியானால் பேரம் முறிய வேண்டும் என்பதில்லை. செயினோடு டென்ஷனர், வழிகாட்டிப் பட்டைகள், தேவையெனில் பற்சக்கரங்கள் ஆகியவற்றையும் சேர்த்து மாற்ற ஆகும் செலவுக்கு எழுத்துமூலம் மதிப்பீடு பெற்று, அத்தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். செயினை மட்டும் மாற்றிப் பழைய டென்ஷனரை விட்டுவைப்பது அரைகுறை வேலை. ஒலி பலமாக இருந்தால், பழுது நீங்கும்வரை காரை ஓட்டாமல் இழுவை வண்டியில் கொண்டுசெல்வதே பாதுகாப்பு.

இரண்டு செய்திகளை நினைவில் கொள்க. கடனுக்காகச் செய்யப்படும் மதிப்பீடு காரின் சந்தை விலையை அறிவதற்கானது. அதை என்ஜினின் உட்புறத்துக்கான நற்சான்றாகக் கொள்ளலாகாது. அடுத்து, வழக்கமான மோட்டார் காப்பீடு விபத்துச் சேதத்துக்கே பொருந்தும். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் அதன் வரம்புக்கு வெளியே நிற்பவை. அக்காப்பீட்டையும், கார் கைமாறிய 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதற்கு முந்தைய வாரத்தில் ஒரு காலைப்பொழுதை இச்சோதனைக்கு ஒதுக்குங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். இரவெல்லாம் நின்ற என்ஜின் இயங்கத் தொடங்கும் அந்த முதல் சில நொடிகளில், பேச்சை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேளுங்கள்.