இதயம் நோக்கி நகரும் கைகள்

எலும்பு நொறுங்க அழுத்தினால்தான் மசாஜ் பலிக்கும் என்று நம்புகிறவர்கள் அதிகம். ஸ்பாக்களில் பரவலாகக் கிடைக்கும் ஸ்வீடிஷ் மசாஜ் அந்த ரகமல்ல. அதில் கைபலத்தைவிட, எந்த அசைவுக்குப் பின் எது என்ற வரிசைக்கே மதிப்பு.

1813-ல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கிய பேர் ஹென்ரிக் லிங்கைத்தான் பலரும் இதன் தந்தை என்பார்கள். ஆனால், அசைவுகளை வகைப்படுத்தி ஒழுங்குக்குக் கொண்டுவந்த பெருமை ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் யோஹான் கியோர்க் மெட்ஸ்கருக்கே உரியது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

எண்ணெயை நேராக முதுகில் ஊற்ற மாட்டார்கள். உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிய பிறகே கை வைப்பார்கள். முதலில் நீவுதல். தண்டுவடத்தைத் தொடாமல் அதன் இரு பக்கமும் இடுப்பிலிருந்து தோள்வரை சீராக உருவுவார்கள். கை கால்களிலும் இதயத்தை நோக்கியே அழுத்தம். திரும்பி வரும்போது கை லேசாகிவிடும். தசை இளகியதும் பிசைதல். தோள் சதையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே தூக்கிப் பிடித்து விடுவார்கள். முடிச்சு தட்டுப்பட்டால், அங்கே மட்டும் விரல்நுனியால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பார்கள். பிறகு தட்டுதல், அதிர்வூட்டுதல். சிறுநீரகங்கள் இருக்கும் பகுதியில் தட்டக் கூடாது. கடைசியில் மறுபடி நீவுதல்.

பலன் உண்டா? லாஸ் ஏஞ்சலஸின் சீடர்ஸ்-சினாய் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2010-ல் 53 ஆரோக்கியமானவர்களிடம் சோதித்தார்கள். ஒரே ஒரு 45 நிமிட மசாஜுக்குப் பின், வெறுமனே தொடப்பட்டவர்களைவிட, மன அழுத்தத்தோடு தொடர்புள்ள வாசோப்ரெசின் ஹார்மோன் குறைந்திருந்தது. மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் சிறிதளவே குறைந்தது. 2012-ல் மூட்டுத் தேய்மானம் உள்ள 125 பேரிடம் நடந்த ஆய்வில், வாரம் ஒரு மணி நேரம் என 8 வாரம் செய்தவர்களுக்கு முழங்கால் வலி குறைந்தது. ஆனால், 24-வது வாரத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆக, இது ஆறுதல் தரும், நோயை வேரறுக்காது. உடம்பின் நச்சையெல்லாம் வெளியேற்றும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

காய்ச்சல், தோல் தொற்று இருந்தால் தள்ளிப்போடுங்கள். ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும் என்றால், ரத்தக்கட்டியாக இருக்கலாம். மசாஜுக்கு அல்ல, மருத்துவரிடம் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

படுத்திருக்கும்போது உங்களையறியாமல் மூச்சை அடக்கினால், அழுத்தம் அதிகம் என்று பொருள். கூச்சப்படாமல் சொல்லுங்கள், தேர்ந்த கை உடனே தணியும்.