வளரிளம் பருவத்தினரின் தட்டில் காய்கனிகள்

பருவத்தின் தேவை

10 முதல் 19 வயது வரையுள்ள காலத்தை உலகச் சுகாதார நிறுவனம் வளரிளம் பருவம் என வரையறுக்கிறது. உயரமும் எடையும் விரைந்து கூடி, எலும்புகள் தம் உறுதியின் பெரும்பகுதியைச் சேர்த்துக்கொள்ளும் இப்பருவத்தில், சோறும் பருப்பும் தரும் ஆற்றலும் புரதமும் மட்டும் போதுவதில்லை. வைட்டமின் ஏ, வைட்டமின் சி, ஃபோலேட், இரும்பு போன்ற நுண்ணூட்டங்களும், அதாவது மிகச் சிறிய அளவே தேவைப்பட்டாலும் குறைந்தால் வளர்ச்சியையே பாதிக்கும் சத்துகளும், குடலியக்கத்தைச் சீராக்கும் நார்ச்சத்தும் உடன் வேண்டும். இவற்றில் பலவற்றுக்குக் காய்கறி, கீரை, பழம் ஆகியவையே முதன்மையான வழி.

400 கிராம் என்பது எவ்வளவு

பத்து வயது முதல் ஒவ்வொருவரும் நாள்தோறும் குறைந்தது 400 கிராம் காய்கனி உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியோ, 2000 கிலோகலோரி உணவில் கீரை உட்பட 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் இடம்பெற வேண்டும் என்கிறது. மாவுச்சத்து மிகுந்த உருளைக்கிழங்கும் மரவள்ளியும் இக்கணக்கில் சேர்வதில்லை. எனவே புளிச்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் நிறைந்த மதிய டப்பா, பார்வைக்குக் காய் உள்ளதாகத் தோன்றினாலும் கணக்கில் ஏறக்குறைய வெறுமையே. சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டுகளிலும், சக்கையை ஒதுக்கியபின் வயிற்றுக்குள் செல்வது சிறிதளவு சதைதான். இரு வேளைக்கு ஒரு கிண்ணம் வீதம் பொரியலோ கூட்டோ, ஒரு கொய்யா, ஒரு வாழைப்பழம் எனச் சேர்ந்தால்தான் 400 கிராமை நெருங்க முடியும்.

இரும்பும் புளிப்பும்

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கும் அதே வயது ஆண்களில் 31.1 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை உள்ளது. மாதவிலக்கில் இழக்கும் இரும்பை உணவால் ஈடுசெய்ய வேண்டிய பெண்களுக்குச் சுமை கூடுதல். கீரையிலும் பயறுகளிலும் உள்ள தாவர இரும்பை உடல் எளிதில் ஈர்த்துக்கொள்வதில்லை. அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றிக் குடல் உறிஞ்ச உதவுவது வைட்டமின் சி. எனவே கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ சேர்வது சுவைக்காக மட்டுமன்று. மாறாக, உண்டவுடன் அருந்தும் தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிணைத்து, உறிஞ்சப்படாமல் தடுத்துவிடுகின்றன.

குறைவதற்கான காரணங்கள்

காய்கறியைச் சோற்றுக்குத் 'தொட்டுக்கொள்ள' என்று குறிக்கும் வழக்கிலேயே அதற்கு ஒதுக்கப்படும் இடம் தெரிந்துவிடுகிறது. பள்ளி, தனிப்பயிற்சி வகுப்பு எனப் பொழுதின் பெரும்பகுதி வெளியே கழிவதால், மாலைப் பசிக்குக் கைக்கெட்டுவது பஜ்ஜியும் பொட்டலச் சிப்ஸுமே. பழம் என்றவுடன் விலை கூடிய ஆப்பிளை நினைப்பதும் ஒரு தடை. ஆரஞ்சைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வைட்டமின் சி கொண்ட கொய்யா, தெருமுனைத் தள்ளுவண்டியிலேயே கிடைக்கிறது.

பள்ளியும் சமையலறையும்

மதிய உணவுத் திட்டத்தின் தேசிய அளவுகோல், 6 முதல் 8ஆம் வகுப்பு மாணவருக்கு வேளைக்கு 75 கிராம் காய்கறி வழங்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் இத்திட்டம் 10ஆம் வகுப்புவரை நீள்கிறது. அதன்பின் பொறுப்பு முழுவதும் வீட்டின்மீது விழுகிறது. வீட்டில் காயை நறுக்குமுன் கழுவுவதும், குறைந்த நீரில் மூடி வேகவைப்பதும், நீரில் கரைந்தும் வெப்பத்தில் சிதைந்தும் போகும் வைட்டமின் சி இழப்பைக் குறைக்கும். வாரச் சந்தையில் காயைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டு, சோற்றுக்கு முன்பாகப் பொரியலைத் தட்டில் பரிமாறினால், தொட்டுக்கொள்ளும் பொருளாக இருந்த காய்கறி உணவின் ஒரு பங்காகவே அவர்களுக்குப் பழகிவிடும்.