இன்புளூயன்சாவும் தேகத்தின் ஞாபகமும்

மூக்கிலும் தொண்டையிலும் சுவாசக் குழாய்களிலும் உள்ள உயிரணுக்களை, தன் மேற்புறத்தில் துருத்தி நிற்கும் ஹீமக்ளூட்டினின் என்ற புரதத்தால் பற்றிக்கொண்டு உட்புகும் இன்புளூயன்சா வைரஸ், சில மணி நேரத்துக்குள் அந்த உயிரணுவைக் கொண்டே தன் பிரதிகளை ஏராளமாக உற்பத்தி செய்துகொள்கிறது. தாக்குண்ட உயிரணு பெரும்பாலும் மடிகிறது; ஆயினும் மடியுமுன் அது செய்யும் உபகாரம் ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டு லண்டன் மில் ஹில் ஆராய்ச்சிக்கூடத்தில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மான் என்னும் இரு விஞ்ஞானிகள், உஷ்ணத்தால் வீரியமிழந்த இன்புளூயன்சா வைரஸைக் கோழிக்கருவின் சவ்வோடு சேர்த்து வைத்து ஆராய்ந்தபோது, அச்சவ்வு ஒரு பொருளைச் சுரப்பதையும், அப்பொருள் பட்ட வேறு சவ்வில் வீரியமுள்ள வைரஸும் பெருக இயலாமற்போவதையும் கண்டு, அதற்கு இன்டர்ஃபெரான் எனப் பெயரிட்டார்கள். தன்னைக் காத்துக்கொள்ள இயலாத உயிரணு அயலிலுள்ளவற்றைக் காக்கிறது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

நோயாளியை வாட்டும் ஜுரமும் அங்கவலியும் அயர்வும் பெரும்பாலும் இத்தகைய பொருள்கள் இரத்தத்தில் கலப்பதன் விளைவே. இவை தேடித்தரும் சில நாள் அவகாசத்தில், நிணநீர்க் கணுக்களில் டி அணுக்களும் பி அணுக்களும் பல்கிப் பெருகுகின்றன. முன்னவை வைரஸ் குடிபுகுந்த உயிரணுக்களைத் தேடிக் கொல்ல, பின்னவற்றிலிருந்து சுரக்கும் எதிர்ப்பொருள்கள் ஹீமக்ளூட்டினினின் நுனியை மூடிக்கொண்டு, வைரஸ் வேறோர் உயிரணுவைப் பற்றவொட்டாமல் தடுக்கின்றன.

நோய் நீங்கிய பின்னும் அவ்வணுக்களுள் ஒரு பகுதி ஞாபக அணுக்களாக எஞ்சி நிற்கும். உலகெங்கும் கோடிக்கணக்கானோரை மாய்த்த 1918ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது குழந்தைகளாக இருந்த 32 முதியோரின் இரத்தத்தை அமெரிக்க விஞ்ஞானிகள் சோதித்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 90 ஆண்டுகள் சென்றிருந்தும், அவ்வைரஸை அடையாளங் காணும் எதிர்ப்பொருள் அவர்கள் ஒவ்வொருவரிடமும் இருந்தது. மேலும் நுணுகிச் சோதிக்கப்பட்ட 8 பேரில் 7 பேரிடம், அதைச் சுரக்கவல்ல பி அணுக்களே உயிரோடிருந்தன.

இவ்வளவு திடமான ஞாபகம் இருந்தும் இன்புளூயன்சா நம்மை மீண்டும் மீண்டும் பற்றுவதற்குக் காரணம், ஞாபகத்தின் குறையன்று. தன்னைப் பிரதி செய்கையில் நேரும் பிழைகளைத் திருத்திக்கொள்ளாத இவ்வைரஸின் ஹீமக்ளூட்டினின் நுனி சிறுகச் சிறுக மாறிக்கொண்டே இருப்பதால், பழைய எதிர்ப்பொருள் புதிய வடிவத்தில் சரியாகப் படிவதில்லை. தடுப்பூசியின் சேர்க்கையை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிசீலிப்பதும் இதனாலேயே. ஆனால் 2009இல் பரவிய புதிய வைரஸின் ஹீமக்ளூட்டினின் 1918ஆம் ஆண்டு வைரஸினுடையதைப் பெரிதும் ஒத்திருந்தமையால், இளைஞர்களைப் படுக்கையில் வீழ்த்திய அந்நோய், வழக்கமாக இன்புளூயன்சாவுக்கு முதலிற் பலியாகும் முதியோரை அவ்வளவாக அணுகவில்லை.